ஆய்வேடும் தறிக்குழியும்

ஆரணி என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. அரிசியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். தறிச் சத்தத்திலே பிறந்து, பள்ளி விட்டு வந்ததும் ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றிப் பழகியவன் நான். கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். எனவே நெசவாளர் வரலாற்றை நெசவாளர் தெருவிலே எடுத்துச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவன் யார் என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது. அந்த எண்ணம் ஒரே மாலையில் குலைந்தது. அது குலைந்த கதையையும், அதனால் நான் தேடிப் படித்த சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் துறைப் பேராசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வு நூலில் ஓர் இயலைப் படிக்க வேண்டும். படித்ததை வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் சொல்ல வேண்டும். வீட்டார் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதி வர வேண்டும். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏரிப் பாசனம் பற்றிய நூல். எனக்கு விஜயா ராமசாமி அவர்கள் எழுதிய நூல். டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து 2020இல் மறைந்தவர் அவர். இடைக்காலத் தென்னிந்தியாவின் துணிகளையும் நெசவாளர்களையும் பற்றிய அந்த ஆங்கில நூல் 1985இல் வெளிவந்தது. பேராசிரியர் தம் சொந்தப் படியையே கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன்.

ஒரு மாலை அப்பா தறியில் இருக்கும்போது குறிப்பேட்டை விரித்துத் தொடங்கினேன். “இடைக்காலத் தென்னிந்தியச் சமூக அமைப்பில் கைவினைஞர் குழுக்களின் பொருளாதார நிலையும் தொழில்நுட்பப் பரிமாற்றமும்...” என்று ஒரு பக்கம் வாசித்தேன். கால்கள் குழிக்குள் மிதியை மாற்றிக்கொண்டிருந்தன. நாடா போய் வந்துகொண்டிருந்தது. அப்பா தலை நிமிராமலே கேட்டார்:

“யாரைப் பத்திடா சொல்றே?”

“நெசவாளர்களைப் பத்திதாம்பா.”

“அப்படியா?” என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து, “பரீட்சைக்குப் படிக்கிறான் போல இருக்குது, பேச்சுக் குடுக்காதீங்க” என்றார்.

வீட்டார் கேட்ட கேள்விகள் என்ற தலைப்பின்கீழ் அன்று நான் எழுதிக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

குற்றம் என்னுடையது மட்டுமன்று என்று சொல்லித் தப்பிக்கவும் ஒரு வழி உண்டு. எங்கள் தெருவுக்கு ஆய்வாளர்கள் வருவது புதிதல்ல. நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருவர் வந்தார். எந்தக் கல்வி நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். கையில் அறுபது கேள்விகள் அடங்கிய தாள். வருமானம் என்ன, கடன் என்ன, கண்பார்வை எப்படி, முதுகு வலிக்கிறதா என்று எல்லாம் கேட்டார். தாத்தா இரண்டு மணி நேரம் தறியை நிறுத்திவிட்டு விடை சொன்னார். தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பது அந்தக் கேள்வித்தாளில் இல்லை. “புத்தகமாக வந்ததும் ஒரு பிரதி அனுப்புகிறேன் ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனார். தாத்தா கண்ணை மூடும் வரை தபால்காரரிடம் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தெருவில் ஒரு சிரிப்பு எழும்.

பேராசிரியரிடம் என் தோல்வியைச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. “உனக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடியும் சொல்” என்றார். நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தவர் ரா.பி. சேதுப்பிள்ளை. 1936 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி பரிசை 1955இல் பெற்றவர். ஆனால் அவருடைய வகுப்பறை பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் அடங்கவில்லை. கோகலே மன்றத்தில் சிலப்பதிகாரம், தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் திருக்குறள், கந்தகோட்டத்தில் கந்தபுராணம் என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பேசினார். அவற்றைக் கேட்க வருவதற்குக் கல்லூரிச் சேர்க்கை எதுவும் தேவையில்லை. அவருடைய அடுக்குமொழி இன்றைய காதுக்குச் சற்று அதிகமாகப்படலாம், எனக்கும் பட்டது. எனினும் 1946இல் வந்த ‘ஊரும் பேரும்’ என்ற நூலை எடுத்தபோது வேறொன்று புலப்பட்டது. ஊர்ப் பெயர்களின் ஆராய்ச்சி மொழியியல், கல்வெட்டு, இலக்கியம் மூன்றும் கலந்த கடினமான துறை. ஆனால் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் உண்டு. புத்தகத்தைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது தம் ஊரைத்தான். பாதி வேலையை வாசகரே செய்துவிடுகிறார்.

அடுத்து எனக்கு வியப்பளித்தது சோழர் வரலாறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சோழர்களைப் பற்றிய பெருநூலை 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அது தமிழில் முழுமையாகக் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இடையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் கல்வெட்டுகளைத் தாமே ஆராய்ந்து, ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ என்ற நூலை 1949 முதல் பகுதி பகுதியாகத் தமிழிலேயே எழுதினார். முன்பு பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர் அவர். இராசராசனைப் பற்றி அறிய விரும்பிய, ஆங்கிலம் அறியாத ஒரு தமிழருக்கு அந்த ஆண்டுகளில் அவர் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் தமிழில் எழுதிவிட்டாலே எல்லாருக்கும் எட்டிவிடும் என்பதும் இல்லை. நான் அப்பாவிடம் வாசித்ததும் தமிழ்தானே!

இந்த இடத்தில் தொ. பரமசிவன் அவர்களைப் படித்தது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர். அவர் 2020 டிசம்பரில் மறைந்தபோது நான் பள்ளி மாணவன். அன்று பெயர்கூடத் தெரியாது. அழகர்கோயிலைப் பற்றிய அவருடைய ஆய்வேட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக வெளியிட்டது. அது அறிஞர்களுக்கான நூல். 1997இல் வந்த ‘அறியப்படாத தமிழகம்’ அப்படியன்று. உப்பு, எண்ணெய், உடை, பல்லாங்குழி என்று வீட்டுக்குள் இருப்பவற்றையே எடுத்துக்கொள்கிறார். எங்கள் ஆயா ஆடிய பல்லாங்குழியில், சம அளவு காய்களோடு தொடங்கிய இருவரில் ஒருவர் எல்லாவற்றையும் இழப்பதைக் காட்டி, தனிச்சொத்து தோன்றிய கதையை அதனோடு இணைக்கிறார். அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை அம்மாவிடம் சொன்னபோது, “ஆமாம், தோத்தவங்க ஜெயிச்சவங்ககிட்ட கடன் வாங்கி ஆடறதும் உண்டு” என்று ஆட்டத்தின் விதியை அவரே தொடர்ந்து சொன்னார். நான் ஆய்வு பேசுகிறேன் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

அறிவியல் பக்கத்திலும் இப்படிப்பட்ட முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் கல்லூரி ஆசிரியர் பலர் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார்கள். 1987 முதல் ‘துளிர்’ என்ற சிறுவர் இதழ் வருகிறது. கடல் கடந்து பார்த்தால் மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை இருக்கிறது. கொல்லர் மகனான அவர், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். 1812இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகளுக்கு ஒருவர் கொடுத்த அனுமதிச்சீட்டில் போய் உட்கார்ந்தார். கேட்டதை எழுதி, தாமே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அங்கேயே உதவியாளரானார். பின்னாளில் அதே மண்டபத்தில் இளைஞர்களுக்கு வேதியியலைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி! அந்தப் பொதுச் சொற்பொழிவுக்கு அன்று அந்த இளைஞர் போயிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கையில் மலைப்பாக இருக்கிறது.

ஊர், பல்லாங்குழி, மெழுகுவத்தி. எல்லாரும் கையில் இருப்பதிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். என் அப்பாவின் கையில் இருந்தது தறி. நானோ ‘சமூக அமைப்பில்’ தொடங்கியிருந்தேன்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. சாப்பாடு முடிந்து திண்ணையில் அப்பாவும் எதிர்வீட்டுப் பெரியப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துக் குறிப்பேடு இல்லாமல் போனேன். “பெரியப்பா, ஒரு தறிக்கு இவ்வளவுன்னு ராஜாவுக்கு வரி கட்டணும்னா கட்டுவீங்களா?” என்றேன்.

“எந்த ராஜா?” என்றார் பெரியப்பா.

அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. கல்வெட்டுகளில் ‘தறி இறை’, ‘தறிக் கடமை’ என்று வரி இருந்ததைச் சொன்னேன். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விசயநகர ஆட்சிக் காலத்தில், காஞ்சிபுரத்துக் கைக்கோளரும் விரிஞ்சிபுரத்துக் கைக்கோளரும் சங்கு ஊதிக்கொள்ளவும் தண்டு, அதாவது பல்லக்கு, ஏறவும் உரிமை பெற்றிருந்தார்கள். அதே உரிமை வேறு ஊர்க் கைக்கோளருக்கும் வழங்கப்பட்டதாகக் கல்வெட்டு உண்டு என்பதைச் சொன்னேன். விரிஞ்சிபுரம் வேலூருக்குப் பக்கத்தில் இருப்பது. எங்கள் உறவினர்கள் உள்ள ஊர். திண்ணையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டார். அப்பா மட்டும் கேட்டார்:

“பல்லக்கு இருக்கட்டும். கூலி எவ்வளவு குடுத்தான்?”

கல்வெட்டு பெரும்பாலும் கோயிலுக்கும் அரசுக்கும் வரவேண்டியதைப் பதிவு செய்வது. வரியை வாங்கியவன் வெட்டிய கல்லில் கூலிக்கணக்கைத் தேடினால் அகப்படுவது அரிது என்று சொன்னேன். “அது இப்பவும் அப்படித்தானே” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டு போனபோது பேராசிரியர் மகிழ்ந்துபோனார். பாஸ்டன் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியரான பிரசன்னன் பார்த்தசாரதி என்பவரின் ஆய்வை எடுத்துக் கொடுத்தார். 18ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளர்களையும் வணிகர்களையும் அரசர்களையும் பற்றி அவர் எழுதிய நூல் 2001இல் வந்தது. அதற்கு முன் 1998இல் எழுதிய கட்டுரையொன்றில், அன்றைய இங்கிலாந்து நெசவாளியின் கூலியையும் தென்னிந்திய நெசவாளியின் கூலியையும் வெறும் காசாக ஒப்பிடாமல், அந்தக் காசுக்கு எவ்வளவு தானியம் கிடைத்தது என்று ஒப்பிட்டிருக்கிறார். இங்கே தானியம் மலிவு. எனவே நம் நெசவாளியின் வாழ்க்கை இங்கிலாந்து நெசவாளியின் வாழ்க்கைக்குத் தாழ்ந்ததாக இல்லை என்பது அவர் முடிவு. தென்னாட்டு நெசவாளி ஏழை, அதனால் துணி மலிவு என்ற பழைய கணக்கை அது புரட்டிப்போடுகிறது.

அடுத்த அமாவாசைக்கு இதைச் சொன்னேன். கூடவே அந்நூலிலிருந்து இன்னொன்றையும் சொன்னேன். அன்றும் வணிகர் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பது வழக்கம். ஆனால் வேறொருவர் நல்ல விலை தருகிறார் என்றால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள நெசவாளியால் முடிந்தது. கொடுத்த வணிகருக்கோ அப்படி முறித்துக்கொள்ளும் வசதி இல்லை. துணி வாங்கப் பலர் போட்டியிட்ட காலம் அது. பின்னர்க் கிழக்கிந்தியக் கும்பெனி ஆட்சியதிகாரத்தையும் கைப்பற்றியபோது, அந்த அதிகாரத்தைக் கொண்டே நெசவாளியைத் தன்னோடு கட்டிப் போட்டது. அவர்கள் பருத்தி நெய்தவர்கள், நாம் பட்டு நெய்பவர்கள் என்ற வேறுபாட்டையும் மறைக்காமல் சொன்னேன்.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் முதலாளியிடம் முன்பணம் வாங்காத வீடு எது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பாவும் ஊடையும் ஜரிகையும் அவர் கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. கல்யாணம், மருத்துவம், பிள்ளைகளின் கல்லூரி என்று வாங்கிய முன்பணம் தனியே நிற்கும். அது தீரும்வரை வேறு முதலாளியின் பாவைத் தறியில் ஏற்ற முடியாது. என் கல்லூரிச் செலவும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது என்பதை நான் அறிவேன்.

வெகு நேரம் கழித்துப் பெரியப்பா சொன்னார்: “திருப்பிக் குடுத்துட்டா போகலாம், சரி. எதைக் குடுத்துத் திருப்பறது?”

“அவங்க காலத்துல திருப்பிக் குடுக்கிற அளவுக்குக் கையில நின்னிருக்குது” என்றார் அப்பா. அதற்குமேல் அன்று பேச்சு நடக்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்றுகூட இரவு தோன்றியது. காலையில் பல் துலக்கிக்கொண்டே, “அந்தத் தானியக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டார்.

மற்றொரு நாள், விஜயா ராமசாமி நூலில் நான் விட்டு வைத்திருந்த பகுதிக்கு வந்தேன். கல்வெட்டு வரிப் பட்டியல்களில் பறைத்தறி, சாலியத்தறி, தூசகத்தறி என்று பலவகைத் தறிகள் வருகின்றன. அவற்றுள் ஒன்று ‘அச்சுத்தறி’. அதைப் பூவேலைப்பாடு நெய்யும் தறி என்று அவர் கொள்கிறார். அப்படியானால் தறியிலேயே உருவம் எழுப்பும் நுட்பம் சோழர் காலத்திலேயே இங்கு இருந்தது என்று ஆகிறது. வரலாற்றாசிரியர்களுக்கு அது பெரிய செய்தி. நானும் பெருமையோடு சொன்னேன்.

அப்பா நாடாவை நிறுத்தினார். தறியில் உட்கார்ந்தபடி அவர் நாடாவை நிறுத்தி நான் பார்த்தது குறைவு.

“அச்சுன்னா என்ன தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, ஊடையை அடித்துச் சேர்க்கும் பண்ணையைத் தொட்டுக் காட்டினார். “நாம இதைப் பண்ணைங்கறோம். பருத்தி நெய்யற ஊர்ல இதுக்கே அச்சுன்னு பேரு. இது இல்லாம தறியே இல்ல. எல்லாத் தறியிலும் இருக்கிறதை வெச்சு ஒரு தறிக்கு மட்டும் எப்படிப் பேர் வைப்பான்?”

மறுநாள் நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பார்த்தேன். அச்சு என்பதற்கு நெசவுக் கருவி என்ற பொருளும் இருந்தது. பதிவு, முத்திரை, வார்ப்பு என்ற பொருள்களும் இருந்தன. இரண்டாம் வகைப் பொருளைக் கொண்டால் நூலாசிரியர் கருத்துக்கு இடமுண்டு. அப்பாவின் கேள்விக்கும் இடமுண்டு. ஒருவேளை அச்சு இல்லாத, வேறு முறையில் ஊடை அடிக்கிற தறிகளும் அன்று இருந்து, அவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே அந்தப் பெயர் வந்ததோ என்று எனக்குத் தோன்றியது. அதை அப்பாவிடம் சொன்னபோது, “அப்படின்னா அதுவும் சரியா இருக்கலாம், பாய் நெய்யறவங்க கட்டையாலதானே அடிக்கிறாங்க” என்றார்.

பேராசிரியர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, செங்கம் வட்டாரத்து நடுகற்களை நினைவுபடுத்தினார். தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி 1972இல் தொகுத்து வெளியிட்டவை, பல்லவர் காலத்து எழுத்துகள் உள்ளவை, நம் மாவட்டத்தவை. அறிஞர்கள் வந்து படிப்பதற்கு முன்பே ஊரார் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று பொங்கலிட்டுக் கும்பிட்டு வந்தார்கள். “கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும், கல் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உன் அப்பாவை நான் பார்க்க வேண்டும்” என்றார்.

சொன்னபடியே அடுத்த அமாவாசையன்று ஆரணிக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தார். நாடாவை மூன்று முறைதான் ஓட்டினார், இழை அறுந்தது. அப்பா குனிந்து முடிந்து கொடுத்தார். பிறகு பண்ணை, விழுது, மிதி, படைமரம் என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினார். ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, “பண்ணையா, பன்னையா? மூன்றுசுழி ணகரமா, இரண்டுசுழி னகரமா?” என்று கேட்டார்.

“எங்களுக்குச் சொல்லத்தான் தெரியும் சார்” என்றார் அப்பா.

இரண்டையும் எழுதிக்கொண்டார். புறப்படும்போது, விஜயா ராமசாமி அவர்கள் நெசவாளர்களின் பாடல்களையும் வழக்காறுகளையும் பற்றி எழுதி 2013இல் வந்த இன்னொரு நூல் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். பெரியப்பாவுக்குப் பாவு தோயும்போது பாடுகிற பழம்பாட்டு இரண்டு தெரியும். அந்த நூலை நான்தான் கொண்டு வந்து படித்துச் சொல்ல வேண்டுமாம். இப்போது அகராதியோடு அதில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன்.